எம்.ஆர்.ஐ. நார்மல் என்றால் முன்மடலும் நார்மலா?

கேள்வி நீளமாக வந்தது. சுருக்கினால் இதுதான்: கேட்பவரின் தங்கைக்கு 20 வயது. சில வருடங்களாகவே காலையில் எழுந்ததும் கைகள் வெடுக்கென்று உதறும். பல் தேய்க்கும்போது பிரஷ் தெறித்து விழும், காபி டம்ளர் கைநழுவும். தேர்வுக்காக இரவு முழுக்க விழித்திருந்த மறுநாள் காலையில் நினைவிழந்து பெரிய வலிப்பே வந்துவிட்டது. நியூராலஜிஸ்ட் ஈ.ஈ.ஜி. (மூளையின் மின்னலைப் பதிவு) எடுத்துப் பார்த்துவிட்டு ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்சி (பதின்ம வயதில் தொடங்கும் உதறல் வலிப்பு) என்று சொல்லி மாத்திரை எழுதினார். எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் நார்மல். ஆனால் இந்த வகை வலிப்பில் மூளையின் முன்மடலில் மாற்றங்கள் இருப்பதை ஸ்கேன்கள் காட்டுகின்றன என்று அண்ணன் எங்கோ படித்திருக்கிறார். "அப்படியானால் எங்கள் ரிப்போர்ட் தப்பா? காந்த சக்தி கூடிய 3 டெஸ்லா மெஷினில் மறுபடி எடுக்க வேண்டுமா? அவள் எடுத்ததற்கெல்லாம் எரிந்து விழுவதும், மாத்திரை போட மறப்பதும் முன்மடல் கெட்டுப்போனதால்தானா?" என்று கேட்கிறார்.

விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ரிப்போர்ட்டும் சரி, நீங்கள் படித்ததும் சரி. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள், அவ்வளவுதான். தங்கைக்கு இப்போது மறு ஸ்கேன் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இதே நார்மல் ரிப்போர்ட் வேறொரு வகை வலிப்புள்ளவரின் கையில் இருந்தால், 'மறுபடி எடுங்கள், இந்த முறை வேறு மாதிரி எடுங்கள்' என்று விடாமல் சொல்வேன். ஏன் அப்படி என்பதுதான் மீதிப் பதில். நான் ஸ்கேன் படங்களைப் பார்த்து ரிப்போர்ட் எழுதும் வேலையில் இருப்பவன். மாத்திரையை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

முன்மடல் நெற்றிக்குப் பின்னால் தொடங்கி ஏறக்குறைய தலையின் நடுவரை போகிறது; மூளையின் மேலடுக்கான புறணியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதுதான். பின் ஓரத்தில் கைகால்களை அசைக்கும் இயக்கப் புறணி இருக்கிறது. இரண்டு அரைக்கோளங்களும் எதிரெதிரே பார்க்கும் உள்பக்கச் சுவரில், அசைவைத் தொடங்கி ஒழுங்குபடுத்தும் துணை இயக்கப் பகுதி. அதற்கு முன்னால் இருக்கும் பெரும்பரப்பு திட்டமிடுவது, அடக்கிக்கொள்வது, ஒரு வேலையை முடிக்கும்வரை நினைவில் வைத்திருப்பது போன்றவற்றுக்கானது. அந்தப் பரப்பு போனால் என்ன ஆகும் என்பதற்கு மருத்துவ வரலாற்றில் ஓர் உருக்கமான பதிவு உண்டு. மான்ட்ரியால் அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் 1928-இல் தன் சொந்த அக்கா ரூத்துக்கே அறுவை சிகிச்சை செய்தார். சிறு வயதிலிருந்து வலிப்பால் தவித்தவர் அவர்; காரணம் வலது முன்மடலில் வளர்ந்திருந்த கட்டி. அதோடு சேர்த்து அந்த மடலின் பெரும்பகுதியை எடுக்க வேண்டியிருந்தது. பேச்சு, பழக்கவழக்கம், பிள்ளைகள்மேல் பாசம் எதுவும் குறையவில்லை. ஒன்றேகால் வருடம் கழித்து, விருந்தாளியாக வரும் தம்பிக்கும் குடும்பத்தார் நால்வருக்கும் எளிய இரவுச் சாப்பாடு செய்வதாகச் சொல்லியிருந்தார். நாள் முழுக்க நேரம் இருந்தது. சாப்பாட்டு வேளையில் போய்ப் பார்த்தால், சாமான்கள் எல்லாம் சமையலறையில் இருக்கின்றன, அடுப்பில் ஒன்றிரண்டு கொதிக்கின்றன, சாலட் தயாராகவில்லை, இறைச்சியில் கையே வைக்கவில்லை. நடுவில் ரூத் குழம்பிப்போய் நிற்கிறார். ஒவ்வொரு வேலையும் தனித்தனியாகத் தெரியும்; எதை முதலில், எதை அடுத்து என்று கோக்கத் தெரியவில்லை.

'முன்மடல் பாதிப்பு' என்று படித்ததும் உங்கள் மனதில் ஓடுவது இந்த மாதிரிப் பாதிப்புதான். தங்கையின் வகை வலிப்பில் ஆராய்ச்சியாளர்கள் பேசுவது இதைப் பற்றி அல்ல.

இந்த வலிப்பைத் தனி நோயாக விரிவாக விவரித்தவர் ஜெர்மன் மருத்துவர் டீட்டர் யான்ஸ். 1957-இல் வால்டர் கிறிஸ்டியன் என்பவரோடு சேர்ந்து எழுதினார். பதின்ம வயதில் தொடங்குவது, விழித்ததும் உதறல், தூக்கம் கெட்டால் வலிப்பு என்று இன்றைக்கு உங்கள் டாக்டர் கேட்ட கேள்விகளெல்லாம் அங்கே இருக்கின்றன. இந்த நோயாளிகள் பழக இனிமையானவர்கள், ஆனால் ஒழுங்குக்கு அடங்காதவர்கள், தூக்கத்திலும் மாத்திரையிலும் கவனமில்லாதவர்கள் என்றும் யான்ஸ் குறித்துவைத்தார். அது நியாயமான குறிப்பா, பதினெட்டு வயதுக்காரர் யாரைப் பார்த்தாலும் தோன்றக்கூடியதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஆனால் முன்மடலைத் தேடிப் பார்க்கத் தூண்டியவற்றில் அந்தக் குறிப்புக்கும் இடம் உண்டு.

கண்ணால் பார்த்தால் இவர்களின் எம்.ஆர்.ஐ.யில் ஒன்றும் இருக்காது. கட்டி, தழும்பு, கால்சியம் படிவு எதுவும் கிடையாது. எனவே ஆராய்ச்சியாளர்கள் கண்ணை விட்டுவிட்டுக் கணக்கைப் பிடித்தார்கள். பலருடைய படங்களை ஒரே அளவுக்குக் கொண்டுவந்து, புள்ளிக்குப் புள்ளி சாம்பல்நிறப் பகுதி (நரம்புச் செல்கள் நிறைந்த பகுதி) எவ்வளவு என்று கம்ப்யூட்டரை எண்ணச் சொல்வது ஒரு முறை. லண்டன் குழு ஒன்று 1999-இல் இப்படிச் செய்தபோது, முன்மடலின் உள்சுவரில் சாம்பல்நிறப் பகுதி குறைவாக அல்ல, கூடுதலாக இருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் சில பகுதிகளில் கூடுதல் என்றும், சிலவற்றில் குறைவு அல்லது மெல்லிது என்றும் சொல்லின. மூளையின் ஆழத்தில் முன்மடலோடு சேர்ந்து வேலை செய்யும் தலாமஸ் என்ற பகுதியிலும் மாற்றம் தெரிந்தது. ஆக, நீங்கள் படித்த இடத்தில் 'சுருங்கிவிட்டது' என்று எழுதியிருந்தால், எழுதியவர் அவசரப்பட்டிருக்கிறார்.

எனக்கு இவற்றையெல்லாம்விடச் சுவையானது மூளை வேலை செய்யும்போதே எடுக்கும் எம்.ஆர்.ஐ. படம். லண்டனில் கிறிஸ்டியன் ஃபோல்மாரும் சகாக்களும் 2011-இல் வெளியிட்டது. மெஷினுக்குள் படுத்திருப்பவருக்கு எதிரே திரை. அதில் நான்கு மூலைகளில் ஏதாவது ஒன்றில் புள்ளி தோன்றும். கையில் ஜாய்ஸ்டிக். முதல் கட்டம் சுலபம்: புள்ளி எந்த மூலையோ அந்தப் பக்கம் ஜாய்ஸ்டிக்கைத் தள்ள வேண்டும். அடுத்த கட்டத்தில், இப்போது தெரியும் புள்ளியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய புள்ளி இருந்த பக்கம் தள்ள வேண்டும். அதற்கடுத்து, இரண்டுக்கு முந்தையது. கை செய்யும் வேலை கடைசிவரை ஒன்றேதான். ஏறிக்கொண்டே போவது நினைவில் வைக்கும் சுமை மட்டும்.

நோயில்லாதவர்களில் சுமை ஏற ஏற முன்மடலின் முன்பகுதியும் அதற்குப் பின்னால் இருக்கும் உச்சிமடலும் உழைக்கின்றன. இயக்கப் புறணி அதில் சேருவதில்லை. தங்கைக்கு இருக்கும் வலிப்புள்ளவர்களில், யோசிக்கும் பகுதி உழைக்கும்போது இயக்கப் புறணியும் துணை இயக்கப் பகுதியும் கூடவே முடுக்கிவிடப்படுகின்றன. யோசிக்கும் கம்பியும் கையை அசைக்கும் கம்பியும் தேவைக்கு மேல் பின்னிக் கிடக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். வலிப்பு அடங்காமல் இருப்பவர்களிடம் இது கூடுதலாகத் தெரிந்தது. வால்ப்ரோயேட் மாத்திரையின் அளவு கூடக் கூடக் குறைந்தது. இந்த நோயாளிகளில் சிலருக்குக் கணக்குப் போடும்போது, எழுதும்போது, செஸ்ஸில் அடுத்த காயை நகர்த்த யோசிக்கும்போது உதறல் வருவதை டாக்டர்கள் வெகுகாலமாகப் பார்த்து வந்திருக்கிறார்கள். யோசனைக்கும் உதறலுக்கும் என்ன சம்பந்தம் என்பதற்கு இந்தப் படம் ஒரு விடை தருகிறது. தங்கையிடம் கேட்டுப் பாருங்கள். பரீட்சை ஹாலில் கை உதறியதா என்று யாரும் அவளைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

இதற்கு அடுத்து வந்த ஆய்வுதான் உங்கள் பயத்துக்கு நேரடி மருந்து. அதே குழுவினர் 2014-இல், இந்த வலிப்புள்ளவர்களின் உடன்பிறந்தவர்களை, அதாவது ஒரு தடவைகூட வலிப்பு வராதவர்களை, இதே சோதனையில் படுக்கவைத்தார்கள். அவர்களிடமும் இந்தப் பின்னல் தெரிந்தது. அப்படியானால் வலிப்பு வந்து வந்து முன்மடல் கெட்டதால் உண்டான மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. குடும்பத்தில் வருகிற ஓர் அமைப்பு. உங்களையே அந்த மெஷினில் படுக்கவைத்தால் உங்கள் படத்திலும் அது தெரியலாம். அதற்காக நீங்கள் நோயாளி ஆகிவிட மாட்டீர்கள்.

சரி, இதையெல்லாம் உங்கள் ரிப்போர்ட்டில் ஏன் எழுதவில்லை? எழுத முடியாது என்பதால்தான். மேலே சொன்ன எல்லாமே குழுவின் சராசரியைக் குழுவின் சராசரியோடு ஒப்பிட்டுச் சொன்னவை. இருப்பதிலேயே பெரிய கணக்குகளில் ஒன்று, எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்டது: 14 நாடுகளின் 24 மையங்களிலிருந்து பலவகை வலிப்புள்ள 2,149 பேரின் எம்.ஆர்.ஐ., நோயில்லாத 1,727 பேரின் எம்.ஆர்.ஐ. வகை எதுவானாலும் பொதுவாக வலது தலாமஸ் சற்றுச் சிறிது, முன்மடலின் பின் ஓரத்து இயக்கப் புறணி இருபக்கமும் சற்று மெல்லிது என்று வந்தது. இரண்டு பள்ளிகளின் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அளந்து, ஒரு பள்ளியின் சராசரி உயரம் கொஞ்சம் கூடுதல் என்று கண்டுபிடிப்பது போன்றதுதான் இது. எதிரே வரும் ஒரு பையனின் உயரத்தை வைத்து அவன் எந்தப் பள்ளி என்று சொல்லிவிட முடியாது. உங்கள் தங்கையின் படத்தையும் உங்கள் படத்தையும் பெயரை மறைத்து வைத்தால் எந்த ரேடியாலஜிஸ்ட்டாலும் பிரித்துச் சொல்ல முடியாது. 3 டெஸ்லா மெஷினில் எடுத்தாலும் இதே கதைதான். 'உங்கள் மூளையின் எந்த இடம் பலவீனம் என்று கலர் மேப் போட்டுத் தருகிறோம்' என்று யாராவது பணம் கேட்டால், பணத்தை வேறு நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தங்கையின் கோபத்துக்கும் மறதிக்கும் காரணம் தேடினால் ஸ்கேனை விட்டுவிட்டு மாத்திரை அட்டையை முதலில் பாருங்கள். லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து சிலரிடம் எரிச்சலையும் கோபத்தையும் கிளப்பும். வீட்டில் இருப்பவர்கள் 'இவள் இப்படி இருந்ததே இல்லையே' என்பார்கள். டோபிராமேட் சிலருக்கு வாயில் வரவேண்டிய சொல்லை மறக்கடிக்கும். எம்.ஆர்.ஐ.யில் சொற்களைத் தேடச் சொல்லிச் சோதித்தபோது, அந்த மருந்து சாப்பிடுபவர்களின் முன்மடல் மொழிப்பகுதி சரியாக முடுக்கிக்கொள்ளாததைப் பார்த்திருக்கிறார்கள். மருந்தால் வருவதை நோய்மேல் போட்டுவிட்டு எதுவும் செய்ய முடியாது என்று உட்கார்ந்துவிடும் குடும்பங்கள் நிறைய. டாக்டரிடம் சொன்னால் மாற்று உண்டு. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இனி, நான் மறுபடி எடுக்கச் சொல்வேன் என்ற அந்த இன்னொரு ஆளைப் பற்றி. இதைப் படிப்பவர்களில் அவருடைய வீட்டாரும் இருக்கலாம்.

முன்மடலில் ஓரிடத்திலிருந்தே கிளம்பும் வலிப்பு வேறு ரகம். பெரும்பாலும் தூக்கத்தில் வரும். ஆள் திடீரென்று எழுந்து கத்துவார், சைக்கிள் மிதிப்பதுபோலக் கால்களை உதைப்பார், கட்டில் கம்பியைப் பிடித்து உலுக்குவார். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்து 'என்ன ஆச்சு?' என்று கேட்பார். சிலருக்கு நினைவுகூடத் தப்புவதில்லை. ஒரே இரவில் பல தடவை வரும். ஈ.ஈ.ஜி. எடுத்தால் பல நேரம் ஒன்றும் இருக்காது, ஏனென்றால் உள்சுவரில் நடப்பது மண்டையோட்டின் மேல் ஒட்டிய கம்பிக்கு எட்டுவதில்லை. வலிப்பு வரும்போதே எடுத்தாலும் தசை அசைவு எல்லாவற்றையும் அழித்துவிடும். முதலில் மந்திரிக்கக் கூட்டிப்போவார்கள், அடுத்து மனநல மருத்துவரிடம். நடிக்கிறார் என்ற பெயரும் வந்து சேரும். இந்த ஆளின் முன்மடலில் ஒரு வடு, அதாவது கோளாறான சிறு இடம், ஒளிந்திருக்கலாம், அதைக் கண்டுபிடித்தால் எடுத்துவிடவும் வாய்ப்பு உண்டு. இவருக்கு வந்த நார்மல் ரிப்போர்ட்டை நான் சுலபத்தில் நம்ப மாட்டேன்.

நம்பாததற்குக் கணக்கு இருக்கிறது. ஜெர்மனியின் பான் நகரத்தில், மருந்துக்கு அடங்காத வலிப்புக்காக அறுவை செய்துகொண்ட 123 பேரின் பழைய படங்களை எடுத்துப் பார்த்து 2002-இல் எழுதினார்கள். வெளியே எடுத்த சாதாரண எம்.ஆர்.ஐ.யும் சாதாரண ரிப்போர்ட்டும் 39 சதவீதம் பேரிடம்தான் வடுவைச் சொல்லியிருந்தன. அதே படங்களை வலிப்பில் பழகிய கண் பார்த்தபோது 50 சதவீதம். வலிப்புக்கென்றே வகுத்த முறையில் புதிதாக எடுத்துப் பழகிய கண் பார்த்தபோது 91 சதவீதம். மூளை அதேதான், எடுத்த விதமும் பார்த்தவரும் மாறியதும் விடையும் மாறிவிட்டது.

ஒளிந்திருப்பது பெரும்பாலும் புறணி வளர்ச்சிக் கோளாறு. லண்டனில் டேவிட் டெய்லரும் சகாக்களும் 1971-இல், அறுவையில் எடுத்த திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து விவரித்தது. கருவில் மூளைப் புறணி அடுக்கடுக்காக உருவாகும்போது ஒரு சிறு இடத்தில் மட்டும் செல்கள் அளவு மீறிப் பெருத்து, அடுக்குக் குலைந்து நிற்கும். அதில் ஒரு வகைக்கு முன்மடல்மேல் தனிப் பிரியம் உண்டு. பல நேரம் அது மேற்பரப்பில்கூட இருக்காது. மூளை மடிப்புக்கு நடுவே இறங்கும் பள்ளத்தின் அடியில் உட்கார்ந்திருக்கும். சாதாரண எம்.ஆர்.ஐ.யில் வெட்டுக்கு வெட்டு 5 மில்லிமீட்டர் கனம், நடுவில் இடைவெளி வேறு. கடலையளவு வடு இரண்டு வெட்டுகளுக்கு நடுவில் நழுவிப்போக அது போதும். வலிப்புக்கான முறையில் 1 மில்லிமீட்டர் கனத்தில், இடைவெளி இல்லாமல் முப்பரிமாணமாக எடுப்பார்கள். மூளை நீரை மறைத்துக் கோளாறான இடத்தை வெளுப்பாகக் காட்டும் ஃப்ளேர் என்ற எம்.ஆர்.ஐ. படத்தையும் அப்படியே எடுப்பார்கள். பக்கவாட்டில் இருக்கும் பொட்டு மடலின் உள்ளே, நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸுக்காக முன்பக்க வெட்டில் ஒரு நுண்படமும் சேர்ப்பார்கள். பன்னாட்டு வலிப்பு எதிர்ப்புச் சங்கம் 2019-இல் இந்த மூன்றையும் அடிப்படைத் தேவை என்று அறிவித்தது. இதற்கு அபூர்வ மெஷின் எதுவும் வேண்டாம். நல்ல 1.5 டெஸ்லாவிலும் எடுக்கலாம். 3 டெஸ்லா இருந்தால் இன்னும் நல்லது. மட்டமான முறையில் எடுத்த 3 டெஸ்லாவைவிட, முறையாக எடுத்த 1.5 டெஸ்லாவை நான் வாங்கிக்கொள்வேன்.

பார்ப்பவருக்கு எங்கே பார்ப்பது என்று தெரிவது அதைவிட முக்கியம். என் மேஜைக்கு வரும் படிவங்களில் பாதிக்கு மேல் 'ஃபிட்ஸ், காரணம் பார்க்கவும்' என்பதோடு முடிந்துவிடும். முழு மூளையையும் சம கவனத்தோடு பார்ப்பது என்பது எங்கேயும் உற்றுப் பார்க்காமல் இருப்பதற்குச் சமம். அதே படிவத்தில் 'தூக்கத்தில் வருகிறது, முதலில் இடது கை தூக்கி விறைக்கிறது, முகம் இடப்பக்கம் திரும்புகிறது, நினைவு இருக்கிறது' என்று எழுதியிருந்தால் நான் நேராக வலது முன்மடலின் உள்சுவருக்கும் மேல் மடிப்புக்கும் போய்விடுவேன். ஒவ்வொரு பள்ளமாக இறங்கி, சாம்பல்நிறமும் வெள்ளையும் சேரும் கோடு எங்கேயாவது மங்குகிறதா, புறணி ஓரிடத்தில் மட்டும் தடித்திருக்கிறதா, ஃப்ளேரில் பள்ளத்தின் அடியிலிருந்து உள்ளே மூளை அறையை நோக்கி மெல்லிய வால் ஒன்று நீள்கிறதா என்று பார்ப்பேன். அந்த வால் கிடைத்துவிட்டால் கிட்டத்தட்ட முடிந்தது. முதல் முறை நார்மல் என்று போன படத்திலேயே இப்படிக் கிடைப்பதுண்டு. இப்போது கம்ப்யூட்டரும் இந்தத் தேடலில் துணைக்கு வந்திருக்கிறது. லண்டனை மையமாகக் கொண்ட மெல்ட் என்ற கூட்டுத் திட்டத்தின் மென்பொருள், ரேடியாலஜிஸ்ட்டுகள் தவறவிட்ட இத்தகைய வடுக்களில் 64 சதவீதத்தைப் பிடித்ததாக 2025-இல் வெளியிட்டார்கள். அது சந்தேக இடங்களையும் சேர்த்தே குறிக்கும், கடைசி முடிவை ஆள்தான் எடுக்க வேண்டும்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு என்றால், அறுவைக்குப் பிறகு வலிப்பே இல்லாமல் இருக்கும் வாய்ப்பு, வடு தெரிந்தவர்களுக்குத் தெரியாதவர்களைவிடக் கணிசமாகக் கூடுதல் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு சொல்கிறது. எம்.ஆர்.ஐ.யில் கிடைக்காதபோது பெட் ஸ்கேன் எடுப்பார்கள். வலிப்பு இல்லாத நேரத்தில் அந்த இடம் குளுக்கோஸைக் குறைவாக எடுத்துக்கொண்டு மங்கித் தெரியும். ஸ்பெக்ட் என்பது வலிப்பு வரும் அந்த விநாடியில் ஊசி போட்டு ரத்தம் எங்கே பாய்கிறது என்று பார்ப்பது. முன்மடல் வலிப்பு முப்பது விநாடியில் முடிந்துவிடுவதால், நர்ஸ் மருந்தை ஏற்றுவதற்குள் தீ வேறு இடத்துக்குத் தாவியிருக்கும். இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க முழுமையான வலிப்பு மையம் வேண்டும். நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா திருநாள் நிலையம் 1990களின் நடுவிலிருந்து இதைச் செய்துவருகிறது.

நம் ஊரில் முன்மடல் வடு என்றால் வேறு இரண்டையும் சொல்லியாக வேண்டும். ஒன்று ஹெல்மெட் போடாத தலை. பைக்கிலிருந்து விழும்போது மூளை முன்னால் போய், சொரசொரப்பான மண்டையடி எலும்பில் உரசும். முன்மடலின் அடிப்பகுதியும் பொட்டு மடலின் நுனியும்தான் அதிகம் சிராய்க்கும். ஆறிய தழும்பிலிருந்து மாதங்கள், ஏன், வருடங்கள் கழித்தும் வலிப்பு கிளம்பும். இன்னொன்று நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டி. ஸ்கேனில் சின்ன மோதிரம்போல ஒளிர்ந்து, சுற்றிலும் வீக்கத்தோடு தெரியும். ஒரு காலத்தில் இந்த மோதிரத்தைப் பார்த்ததும் காசநோய்க் கட்டி என்று மாதக்கணக்கில் டி.பி. மருந்து கொடுத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யில் சாண்டி, ராஜசேகர் முதலானோர் 1980களின் இறுதியில் அவற்றை எடுத்துச் சோதித்து, 20 மில்லிமீட்டருக்கும் சிறிய ஒற்றை மோதிரங்களில் பெரும்பாலானவை புழுக்கட்டிகளே என்று காட்டினார்கள். நம்மிடமிருந்து போய் உலகப் பாடப்புத்தகத்தை மாற்றிய வேலை அது. சைவம் சாப்பிடுபவர்களுக்கும் இது வரும். முட்டை வருவது மனிதக் கழிவு கலந்த தண்ணீரிலும் கீரையிலும் கையிலும்தான். பல மோதிரங்கள் சில மாதங்களில் தாமாகவே கரைந்துவிடும், சில கால்சியப் புள்ளியாக நின்றுவிடும். நெடுநேரம் நிற்காத வலிப்புக்குப் பின் உடனே எடுத்த படத்திலும் புறணி தற்காலிகமாக வீங்கி ஒளிர்வதுண்டு. சில வாரம் கழித்து எடுத்தால் போயிருக்கும். அதனால் ஒற்றைப் படத்தைப் பார்த்து மிரள வேண்டாம்.

வலிப்பு தொடர்ந்தால் மூளை தேய்கிறதா என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். ஓரிடத்திலிருந்து வரும் வலிப்பில் புறணி மெலிவது வயதால் மெலிவதைவிட வேகமாக, சுமார் இரு மடங்கு என்று லண்டனில் 190 பேரை இடைவெளி விட்டு இருமுறை ஸ்கேன் செய்து 2019-இல் காட்டினார்கள். பொட்டு மடல் வலிப்பில் அறுவை வெற்றியானவர்களிடம் அந்த வேகம் தணிந்ததையும் பிறகு காட்டினார்கள். அதே வகை நோயாளிகளின் பெட் ஸ்கேனில் மங்கிக் கிடந்த முன்மடல், வலிப்பு நின்றபின் மீண்டும் தெளிந்ததையும் பார்த்திருக்கிறார்கள். வலிப்பை அடக்குவதற்கு இது ஒரு நல்ல காரணம். உங்கள் தங்கையின் வகையோ, சரியான மருந்தும் தூக்கமும் இருந்தால் பெரும்பாலானவர்களுக்கு நன்றாகவே அடங்கும்.

அவளுக்குச் செய்ய வேண்டியவை ஸ்கேன் அறைக்கு வெளியேதான் இருக்கின்றன. கார்பமசிபின், ஃபெனிட்டாய்ன் போன்ற வலிப்பு மருந்துகள் இந்த வகையில் உதறலைக் கூட்டிவிடலாம். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் நோயின் பெயரை முழுசாகச் சொல்லுங்கள், 'ஃபிட்ஸ்' என்று மட்டும் சொல்லாதீர்கள். வால்ப்ரோயேட் நன்றாக வேலை செய்யும், ஆனால் கருவிலிருக்கும் குழந்தையைப் பாதிக்கும். இருபது வயதுப் பெண் என்பதால் இதைக் கல்யாணத்துக்குப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே டாக்டரிடம் பேசுங்கள், அவளையும் வைத்துக்கொண்டு. காலை உதறலை செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள். இரண்டு கையும் உதறுகிறதா, ஒரே கைதானா என்பது டாக்டருக்கு ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

எப்போது மறு ஸ்கேன்? உதறல் எப்போதும் ஒரே பக்கமாக இருந்தால், ஈ.ஈ.ஜி.யில் ஓரிடம் மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினால், சரியான மருந்தைச் சரியாகப் போட்டும் அடங்காவிட்டால், கைகால் பலம் குறைவது போலப் புதிதாக ஏதாவது வந்தால். அப்போது 'மூளை எம்.ஆர்.ஐ.' என்று மட்டும் எழுதி வாங்காமல் வலிப்பு முறையில் எடுக்க எழுதித்தரச் சொல்லுங்கள். வலிப்பு எப்படித் தொடங்குகிறது என்ற இரண்டு வரியும் படிவத்தில் இருக்கட்டும். பழைய படங்களை ஃபிலிமாக வைத்திருந்தால் போதாது. ஃபிலிமில் இருப்பது அச்சடிக்கத் தேர்ந்தெடுத்த வெட்டுகள்தான், அதில் பள்ளத்தின் அடியை உருட்டிப் பார்க்க முடியாது. எடுத்த சென்டரில் முழுப் படங்களையும் சி.டி.யிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். சில இடங்களில் கொஞ்ச காலத்துக்குப் பின் அழித்துவிடுகிறார்கள், அதனால் இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.